தொன்மைக்கு வயது கணிப்பது எப்படி?

(மும்பையில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடத்தப்பட்ட அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பண்டைய நாகரிகங்களின் காலத்தை எவ்வாறு கணிக்கிறார்கள், அந்தக் கணிப்புகள் ஏன் அடிக்கடி மாறுகின்றன என்பது இன்றைய வகுப்பின் பொருள். தொழிற்சங்கத்திலும் குடியிருப்புப் பகுதிகளிலும் வேலை செய்யும் நமக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் எண்ணக்கூடும். நமது கைப்பேசிகளுக்கு நாள்தோறும் வந்து குவியும் செய்திகளைப் பாருங்கள். மகாபாரதப் போர் நடந்த நாள், கிழமை, நேரம் வரை கணித்துவிட்டதாக ஒரு செய்தி சொல்கிறது. உலகின் முதல் மனிதன் தமிழன் என்பது உறுதியாகிவிட்டதாக மற்றொரு செய்தி சொல்கிறது. இரண்டையும் நம் தோழர்களே சில வேளைகளில் அடுத்தவர்க்கு அனுப்புகிறார்கள். பள்ளிப் பாடநூல் முதல் குடியுரிமை விவாதம் வரை, யார் முந்தியவர் என்ற கேள்வி இன்று ஓர் அரசியல் ஆயுதமாக இருக்கிறது. ஆகவே ஓர் ஆண்டுக் கணக்கு எப்படி உருவாகிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல விரும்புவது சுருக்கமானது. காலக்கணிப்பு மாறுவது இயல்பு. சான்று மாறினால் அது மாறியே ஆக வேண்டும். ஆனால் எந்தச் சான்றால் மாறியது என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியை எதிரிகளிடம் கேட்பது போலவே நம்மவர்களிடமும் கேட்க வேண்டும்.

கல்லில் கிடைத்த சாட்சி

இந்திய வரலாற்றின் ஆண்டு வரிசை முழுவதும் ஆங்கிலேயர் செய்த சூழ்ச்சி என்று இந்துத்துவ எழுத்தாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது எளிதில் பரவுகிறது. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் பலர், உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று பாதிரியார் அஷர் பைபிளை வைத்துப் போட்ட கணக்கை நம்பினார்கள். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்சும் புராணங்களின் நீண்ட கணக்குகளை அந்தக் குறுகிய சட்டகத்துக்குள் அடைக்க முயன்றவர்தான்.

அதே ஜோன்ஸ் 1793இல் ஓர் இணைப்பைக் கண்டார். கிரேக்க எழுத்தாளர்கள் சொன்ன சாந்த்ரகோத்தஸ் என்ற மன்னன் சந்திரகுப்த மௌரியன் என்றும், அவர்கள் சொன்ன பாலிபோத்ரா என்ற நகரம் பாடலிபுத்திரம் என்றும் அவர் முன்மொழிந்தார். அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிந்தைய ஆண்டுகள் கிரேக்க வரலாற்றில் தெளிவாக உள்ளன. அதனால் இந்திய வரலாற்றுக்கு முதல் நங்கூரம் கிடைத்தது.

இது ஒரு காலனிய அதிகாரியின் ஊகம்தானே, இதை ஏன் ஏற்க வேண்டும் என்று கேட்கலாம். இந்தச் சந்திரகுப்தன் குப்த வம்சத்தவன் என்றும், மௌரியர் அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர்கள் என்றும் இன்றும் நூல் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குரிய பதில் ஜோன்சின் மேதைமையில் இல்லை, பாறையில் இருக்கிறது. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்துகளை முழுமையாகப் படித்தார். கல்வெட்டுகளில் பேசும் பியதசி என்ற அரசன் அசோகனே என்பதை, இலங்கையின் பாலி நூல்களை ஆராய்ந்த ஜார்ஜ் டர்னர் காட்டினார். 1915இல் மாஸ்கியில் கிடைத்த கல்வெட்டு அசோகன் என்ற பெயரையே தாங்கியிருந்தது. அசோகனின் 13ஆம் பாறைக் கல்வெட்டு ஐந்து கிரேக்க அரசர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: அந்தியோகஸ், தாலமி, அந்திகோனஸ், மாகஸ், அலெக்சாந்தர். இந்த ஐவரும் ஒருங்கே ஆட்சியில் இருந்தது கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சில ஆண்டுகள் மட்டுமே. அவர்களுடைய காலம் எகிப்திலும் மேற்காசியாவிலும் கிடைத்த நாணயங்களாலும் ஆவணங்களாலும் தனியே நிறுவப்பட்டது. அவற்றை எழுதியவர்களுக்கு இந்தியாவைப் பற்றி எந்த உள்நோக்கமும் இருந்திருக்க முடியாது.

இங்கே ஒரு பாடம் உண்டு. ஒரு கருத்தைச் சொன்னவர் யார் என்பதைக் கொண்டு அது பொய் என்று முடிவு கட்ட முடியாது. ஒன்றையொன்று சாராத இரண்டு மூன்று சான்றுகள் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றனவா என்பதே அளவுகோல்.

அதே அசோகன் கல்வெட்டுகள்தாம் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சதியபுத்திரர் ஆகியோரையும் குறிக்கின்றன. சதியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. திருக்கோவிலூருக்கு அருகில் ஜம்பையில் 1981இல் கண்டுபிடிக்கப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டு, சதியபுதோ என்ற பட்டத்துடன் அதியமான் நெடுமான் அஞ்சியைக் குறிப்பிட்டது. சங்கப் பாடல்களில் நாம் படித்த வள்ளலின் மரபு அசோகனின் பாறையோடும், அதன் வழியே அந்த ஐந்து கிரேக்க அரசர்களோடும் ஒரே சங்கிலியில் இணைந்தது. மௌரியர் காலத்தை ஆயிரம் ஆண்டு பின்னால் இழுப்பவர்கள், தமிழ் வரலாற்றின் உறுதியான கண்ணியொன்றையும் அதனுடன் அறுத்தெறிகிறார்கள் என்பதை நம்மவர்கள் கவனிப்பதில்லை.

சிந்துவெளியின் மாறிய ஆண்டுகள்

எழுத்தைப் படிக்க முடியாத நாகரிகத்துக்கு எப்படிக் காலம் கணிப்பது? சிந்துவெளி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

1924 செப்டம்பரில் ஜான் மார்ஷல் ஹரப்பா, மொகஞ்சதாரோ கண்டுபிடிப்புகளை லண்டனின் படப் பத்திரிகை ஒன்றில் அறிவித்தபோது அவற்றின் வயது அவருக்கே தெரியாது. ஒரே வாரத்தில் மேற்காசிய அறிஞர்கள், இதே போன்ற முத்திரைகள் சுமேரியத் தொடர்புடைய இடங்களில் கிடைத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார்கள். அந்தத் தொடர்பை வைத்து மார்ஷல் 1931இல் சிந்துவெளி நகரங்களுக்குக் கி.மு. 3250 முதல் 2750 வரை என்று காலம் வகுத்தார்.

ஆனால் இது கடன் வாங்கிய ஆண்டு. மெசப்பொத்தேமியாவின் காலக்கணக்கே அப்போது தீர்ந்த பாடாக இருக்கவில்லை. அங்கு ஒரு பாபிலோனிய மன்னன் காலத்தில் வெள்ளிக் கோள் தோன்றி மறைந்த நாள்களைக் குறித்த களிமண் பலகை இருக்கிறது. வானியல் அட்டவணையோடு அதை ஒப்பிட்டால் ஒரே விடை வருவதில்லை. கோளின் சுழற்சி மீண்டும் மீண்டும் அதே வடிவில் நிகழ்வதால் பல விடைகள் பொருந்துகின்றன. ஹம்முராபி அரியணை ஏறியது கி.மு. 1848, 1792, 1728 ஆகிய மூன்றில் எது என்பது பல தலைமுறைகளாக நடந்த விவாதம். மெசப்பொத்தேமிய அரசர்களின் காலம் கீழே இறங்கியபோது, சிந்துவெளியின் காலமும் தானாகவே இறங்கியது. மொகஞ்சதாரோவில் ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை.

அடுத்து வந்த மார்ட்டிமர் வீலர் கி.மு. 2500 முதல் 1500 வரை என்றார். இதில் 1500 என்ற முடிவாண்டு எங்கிருந்து வந்தது? ஆரியர் படையெடுத்து வந்து நகரங்களை அழித்தனர் என்ற கதையிலிருந்து வந்தது. மொகஞ்சதாரோவின் தெருக்களில் கிடைத்த எலும்புக்கூடுகளை அந்தப் படுகொலைக்குச் சாட்சியாக அவர் நிறுத்தினார். அவை ஒரே நாளில் மடிந்தவர்களுடையவை அல்ல, வெவ்வேறு மண்ணடுக்குகளைச் சேர்ந்தவை என்று ஜார்ஜ் டேல்ஸ் 1964இல் காட்டினார். கதையை முதலில் வைத்துக்கொண்டு ஆண்டைத் தேடினால் இப்படித்தான் முடியும். இந்தத் தவறு வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம்.

பிறகு இயற்பியல் வந்தது. 1949இல் வில்லார்ட் லிபி கதிரியக்கக் கார்பன் முறையை வெளியிட்டார். உயிருள்ள எதுவும் காற்றிலிருந்து கார்பன் 14ஐ எடுத்துக்கொண்டே இருக்கிறது. உயிர் நின்றதும் எடுப்பதும் நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியிருப்பதை அளந்தால் அது இறந்து எவ்வளவு காலமாயிற்று என்று கணக்கிடலாம்.

இந்த முறையை இந்தியத் தொல்லியலுக்குப் பெருமளவில் பயன்படுத்தியது இதே பம்பாயில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960களின் தொடக்கத்தில் இயங்கிய ஆய்வகம். அங்கு பணிபுரிந்த டி.பி. அகர்வால் 1964இல், ஹரப்பா நாகரிகத்தின் முதிர்ந்த காலம் கி.மு. 2300 முதல் 1750 வரை என்று அறிவித்தார். மார்ஷல் தந்த தொடக்க ஆண்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு சுருங்கியது. அது இந்திய நாகரிகத்துக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு என்று எவரும் அன்று கொடி பிடிக்கவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. காற்றில் கார்பன் 14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒரே அளவாக இருந்தது என்பது லிபியின் அனுமானம். கலிபோர்னிய மலைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழும் ஒருவகைப் பைன் மரங்களின் வளையங்களை ஒவ்வொன்றாக அளந்தபோது அந்த அனுமானம் சரியில்லை என்று தெரிந்தது. மர வளையம் ஆண்டுக்கு ஒன்று என்பதால் அதன் உண்மை வயது தெரியும். அதனுடன் ஒப்பிட்டு ஆய்வக அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வரைபடத்தை உருவாக்கினார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு சிந்துவெளி நகரங்களின் முதிர்ந்த காலம் ஏறத்தாழ கி.மு. 2600 முதல் 1900 வரை என்று நிலைபெற்றது. அகர்வாலின் கருவிகள் பழுதானவை அல்ல. அளவிலிருந்து ஆண்டுக்குப் போகும் பாதை திருத்தப்பட்டது.

அண்மைய நிகழ்வு ஒன்றையும் சொல்கிறேன். பலுசிஸ்தானத்தின் மேர்கார், தெற்காசியாவின் மிகப் பழைய வேளாண் ஊர் என்று நாம் படித்திருக்கிறோம். அதன் தொடக்கம் கி.மு. 7000 அல்லது அதற்கும் முன் என்று பல நூல்களில் அச்சாகியுள்ளது. அங்குக் கிடைத்த கரித்துண்டுகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. அங்கே புதைக்கப்பட்டிருந்த மனிதர்களின் பல் எனாமலை நேரடியாக அளந்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. அந்தப் புதைகுழிகள் கி.மு. 5200க்கும் 4900க்கும் இடையில் தொடங்கியிருக்கலாம் என்பது அதன் முடிவு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் குறைகின்றன. இதை மறுக்கும் ஆய்வு வந்தால் அதையும் படிப்போம். ஆனால் ஒவ்வொரு புதிய ஆய்வும் நாகரிகத்தை மேலும் மேலும் பழமையாக்கியே தீரும் என்ற எண்ணத்தை இத்தகைய முடிவுகள் உடைக்கின்றன.

கோசாம்பியும் சைல்டும்

நமது மரபில் இருவரை இங்கே நினைவுகூர வேண்டும்.

முதலாமவர் தாமோதர் தர்மானந்த் கோசாம்பி. கணிதப் பேராசிரியர், மார்க்சியர். நான் குறிப்பிட்ட அதே டாட்டா நிறுவனத்தில் பணியாற்றியவர். புனேயிலிருந்து தக்காண ராணி ரயிலில் வந்துபோனவர். அரசன் பெயரோ ஆண்டோ இல்லாத முத்திரை குத்திய வெள்ளி நாணயங்களைக் காலவரிசைப்படுத்துவது எப்படி என்று அவர் கேட்டார். நாணயம் கைமாறக் கைமாறத் தேய்கிறது. நீண்ட நாள் புழங்கியவற்றின் சராசரி எடை குறையும். ஒன்றுக்கொன்று எடை வேறுபாடு கூடும். ஆயிரக்கணக்கான நாணயங்களைத் துல்லியமாக நிறுத்து, புள்ளியியலைப் பயன்படுத்தி, அவற்றை முன்பின்னாக அடுக்கினார். தட்சசீலத்துப் புதையல் ஒன்றில் அலெக்சாந்தரின் நாணயங்கள் புதிதாகவே கிடந்ததால் அந்த வரிசைக்கு ஓர் உறுதியான ஆண்டும் கிடைத்தது. அரசர்களின் புகழ்ப்பாட்டை நம்பாமல், சந்தையில் அன்றாடம் கைமாறிய காசின் தேய்மானத்தைச் சாட்சிக்கு அழைத்தது பொருள்முதல்வாதப் பார்வை.

இரண்டாமவர் கோர்டன் சைல்ட். ஆஸ்திரேலியாவில் பிறந்து பிரிட்டனில் பணியாற்றிய மார்க்சியத் தொல்லியல் அறிஞர். புதிய கற்காலப் புரட்சி, நகரப் புரட்சி என்று நாம் வகுப்புகளில் பயன்படுத்தும் சொற்கள் அவர் தந்தவை. நாகரிகம் எகிப்திலும் மெசப்பொத்தேமியாவிலும் தோன்றி ஐரோப்பாவுக்குப் பரவியது என்ற அடிப்படையில் ஐரோப்பிய வரலாற்றுக்கு முந்தைய காலத்தின் ஆண்டுகளை அவர் வரிசைப்படுத்தினார். அவர் 1957இல் மறைந்தார். மர வளையத் திருத்தம் வந்ததும் அந்த ஆண்டு வரிசை சரிந்தது. மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற் கல்லறைகள் பல, எகிப்தியப் பிரமிடுகளைவிட மூத்தவை என்று தெரியவந்தது.

சைல்ட் நம்முடைய ஆள் என்பதால் அவர் போட்ட ஆண்டுகளைக் காப்பாற்ற எந்த மார்க்சியரும் முயலவில்லை. அதே வேளையில் அவர் எழுப்பிய கேள்விகள் நிலைத்து நிற்கின்றன. உபரி எப்போது தோன்றியது? அதை விளைவித்தவர் யார், எடுத்துக்கொண்டவர் யார்? ஊர் நகரமாக மாறும்போது யாருடைய உழைப்பு யாருடைய களஞ்சியத்துக்குப் போகிறது? ஆண்டுகள் திருத்தப்படும்போது இக்கேள்விகள் கூர்மை பெறுகின்றன.

கீழடியும் இரும்பும்

இப்போது நம் மனத்துக்கு நெருக்கமான இடத்துக்கு வருவோம். கீழடியில் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் முதல் இரண்டு கட்ட அகழாய்வை நடத்தியவர் அமர்நாத் ராமகிருஷ்ணன். 2017இல் அவர் அசாமுக்கு மாற்றப்பட்டார். 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கையை அவர் அளித்தார். இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 2025 மே மாதத்தில், அதன் தொடக்க காலத்தைக் கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனது மிக முந்தியதாகத் தோன்றுகிறது, திருத்தித் தருக என்று தொல்லியல் துறை கேட்டது. அவர் தன் முடிவில் உறுதியாக நின்றார். அடுத்த மாதமே மீண்டும் இடமாற்றம் வந்தது.

மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த மாதிரி கி.மு. 580 என்று அமெரிக்க ஆய்வகம் ஒன்று தந்த அளவு இடம்பெற்றது. இங்கே ஒரு நுட்பத்தை அறிந்துகொள்ள வேண்டும். கார்பன் அளவை ஆண்டாக மாற்றும் அந்த வரைபடம், ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடக்கிறது. அதாவது அந்த நானூறு ஆண்டுகளுக்குள் எந்த ஆண்டில் கருகிய தானியமும் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும். உலகம் முழுவதும் தொல்லியலாளர்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு இது. எனவே, ஒரே ஒரு கார்பன் அளவை வைத்து 8ஆம் நூற்றாண்டு என்று முழங்கவும் முடியாது. அந்த அளவை வைத்தே 8ஆம் நூற்றாண்டு இல்லை என்று தள்ளவும் முடியாது. மண்ணடுக்குகளின் வரிசை, பல மாதிரிகள், மட்கலங்களின் வகை, எழுத்துப் பொறிப்புகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முழு அறிக்கையும் அச்சில் வர வேண்டும். ஒரு நாகரிகத்தின் வயது ஆய்விதழ்களில் தீர்மானிக்கப்பட வேண்டும்; இடமாற்ற ஆணைகளால் தீர்மானிக்கப்படக் கூடாது. நமது கோரிக்கை இதுவே.

ஒன்றிய அரசு எல்லா இடங்களிலும் இந்தக் கறாரான அளவுகோலைக் கையாண்டால் நாமும் பாராட்டுவோம். ஆனால் 2024இல் வெளிவந்த ஆறாம் வகுப்புப் பாடநூலில் சிந்து-சரஸ்வதி நாகரிகம் என்ற பெயர் எவ்விதத் தயக்கமுமின்றி நுழைந்துவிட்டது. கீழடிக்கு ஓர் அளவுகோல், சரஸ்வதிக்கு வேறொன்று என்ற இந்த இரட்டை நிலையை நாம் அம்பலப்படுத்த வேண்டும்.

அதைச் செய்வதற்கான தகுதி நம்மிடமும் ஒரே அளவுகோல் இருந்தால்தான் வரும். 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர் வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரி கி.மு. 3345ஐ எட்டுவதாகவும், அதனால் இரும்பின் பயன்பாடு இந்நிலத்தில் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்றும் கூறியது. பேராசிரியர் கா. ராஜனும் ரா. சிவானந்தமும் எழுதிய அந்த அறிக்கை, ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களில் வெவ்வேறு முறைகளில் செய்த அளவீடுகளைத் தருகிறது. இது மதிக்கத்தக்க உழைப்பு. ஆயினும் கேள்வி கேட்பது அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதையே. அளக்கப்பட்டவை கரி, மட்கலம் முதலியவை. கரியின் வயது, மரம் வளர்ந்த காலத்தைச் சொல்லும். முதிர்ந்த மரத்தின் உள்வயிரம், அது எரிக்கப்பட்ட நாளைவிடப் பல பத்தாண்டுகள், சில வேளை நூற்றாண்டுகள்கூட மூத்ததாக இருக்கும். கரியும் இரும்பும் ஒரே காலத்தில் அங்கு வந்து சேர்ந்தனவா என்பதை மண்ணடுக்கு சொல்ல வேண்டும். அதே சிவகளையில் கிடைத்த நெல்மணிகளுக்குக் கி.மு. 1155 என்ற அளவு 2021இல் வெளிவந்தது. நெல் ஒரே பருவத்தில் விளைந்து அறுவடையாவதால் அதற்கு இந்தச் சிக்கல் இல்லை. இந்த வேறுபட்ட ஆண்டுகளை எவ்வாறு ஒருங்கிணைப்பது, கி.மு. நான்காம் ஆயிரம் என்ற அளவு வேறு இடங்களிலும் மீண்டும் கிடைக்கிறதா என்று ஆய்வாளர்களே தேடவிருக்கிறார்கள். அதற்குள் நாம் மேடையில் தீர்ப்பு எழுதிவிட வேண்டியதில்லை.

தமிழிலக்கியம் பயின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். சங்க இலக்கியத்துக்கும் தொல்காப்பியத்துக்கும் பிற்பட்ட காலம் கணித்ததற்காகப் பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை தமிழ்ப் பகைவர் என்று தூற்றப்பட்டார். அவருடைய கணிப்புகளில் பல இன்று நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தகர்த்தது தூற்றுதல் அல்ல. புகளூர்க் கல்வெட்டில் பதிற்றுப்பத்துச் சேரர்களை இனங்கண்ட ஐராவதம் மகாதேவன் போன்றோர் குகை குகையாக ஏறி இறங்கிச் செய்த வேலைதான் அவற்றைத் தகர்த்தது. வசைபாடியவர்கள் ஓர் ஆண்டைக்கூட நமக்கு மீட்டுத் தரவில்லை.

முந்தியவருக்கே உரிமையா?

இவ்வளவு வேகத்துடன் பழமைக்காக ஏன் போராடுகிறார்கள்? 2020இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் ஒரு தகவலைத் தந்தது. 12,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து இந்தியப் பண்பாட்டின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராய 16 பேர் குழு அமைக்கப்பட்டுள்ளது என்பதே அது. அதில் பெண்கள் இல்லை, தென்னாட்டவர் இல்லை என்று கடும் கண்டனம் எழுந்தது. அந்தக் குழு யாருக்காக என்பது கேள்வி. இந்த மண்ணின் முதல் குடிகள் யார் என்று நிறுவிவிட்டால், மற்றவரெல்லாம் வந்தேறிகள் என்று அறிவிப்பது எளிது. வேதமும் சிந்துவெளியும் ஒன்றே என்று காட்டிவிட்டால், இந்நாட்டின் முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் விருந்தினர் பட்டியலில் சேர்த்துவிடலாம். ஆண்டுக் கணக்கு இங்கே பட்டா மாறுதல் மனுவாக மாறுகிறது.

இந்த நகரத்தில் வாழும் தமிழர்களுக்கு அந்த மனுவின் விளைவை விளக்கத் தேவையில்லை. 1966இல் சிவசேனை தோன்றியபோது, மண்ணின் மைந்தர்க்கே வேலை என்ற முழக்கம் முதலில் பாய்ந்தது தென்னிந்தியர்கள் மீது. நம் வேட்டியைக் கேலி செய்து, மூட்டை கட்டு என்று சொன்ன கோஷங்கள் இந்தத் தெருக்களில்தான் ஒலித்தன. அந்த அரசியலை எதிர்த்து நின்ற ஆலைத் தொழிலாளர் தலைவர், கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூனில் கொல்லப்பட்டார். அவர் மராத்தியர். முந்தியவன் பிந்தியவன் என்ற கணக்கில் அவர் நிற்கவில்லை. உழைப்பவன் உண்பவன் என்ற கணக்கில் நின்றார்.

எனவே, ஆரியனைவிடத் தமிழன் மூத்தவன் என்ற ஒற்றை வாதத்தால் இந்துத்துவத்தை வென்றுவிடலாம் என்று நம்பும் தோழர்களைச் சிந்திக்க அழைக்கிறேன். அந்த வாதம் எதிராளியின் விதிகளை ஏற்றுக்கொண்டு ஆடும் ஆட்டம். மூத்தவனுக்கே உரிமை என்ற விதியை ஏற்றுக்கொண்டால், தாராவியில் நாம் கட்டிய குடிசைக்கும் நமக்கு உரிமை இல்லாமல் போகும். மரபணு ஆய்வுகள் சொல்வதும் இதற்குத் துணை நிற்கிறது: இத்துணைக்கண்டத்தின் மக்கள் அனைவரும் வெவ்வேறு காலங்களில் வந்தவர்களின் கலப்பில் உருவானவர்கள். இங்கு வாழ்ந்து உழைக்கிறோம் என்பதே நம் அனைவரது உரிமையின் அடிப்படை. அதற்கு எந்த ஆய்வகச் சான்றிதழும் தேவையில்லை.

இதனால் கீழடியின் மதிப்பு குறைந்துவிடாது. கீழடி நமக்கு அரிய இடமாக இருப்பதற்குக் காரணம் அதன் வயது மட்டுமல்ல. அங்கே கிடைத்தவை நூல் நூற்ற தக்களிகள், உறைகிணறுகள், தந்தத் தாயக்கட்டைகள், ஆதன், குவிரன் என்று சாதாரண மனிதர்கள் தம் பெயரைக் கீறிவைத்த பானை ஓடுகள். நெய்தவரும் வனைந்தவரும் எழுதத் தெரிந்த ஒரு சமூகத்தைப் பற்றி அவை பேசுகின்றன. கி.மு. 8ஆம் நூற்றாண்டானாலும் 5ஆம் நூற்றாண்டானாலும் அந்தச் செய்தி மங்காது. அந்தக் குழிகளில் இறங்கி வெயிலில் மண் அள்ளியவர்கள் அக்கம்பக்கத்து ஊர்களின் கூலித் தொழிலாளர்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

கடைசியாக, மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சில நடைமுறை ஆலோசனைகள்.

ஒன்று. ஆய்வுக் கட்டுரைகளில் "இன்றைக்கு முன்" என்று ஒரு கணக்கு வரும். அங்கே இன்று என்பது 1950. இன்றைக்கு 4,000 ஆண்டுகளுக்கு முன் என்றால் ஏறத்தாழ கி.மு. 2050. செய்தியாளர்கள் பலர் அதைக் கி.மு. 4000 என்றே எழுதிவிடுகிறார்கள். ஒரே வரியில் இரண்டாயிரம் ஆண்டு கூடிவிடுகிறது.

இரண்டு. ஆய்வகம் ஒருபோதும் ஒற்றை ஆண்டைத் தருவதில்லை. இந்த ஆண்டுக்கும் அந்த ஆண்டுக்கும் இடையில், இவ்வளவு நிகழ்தகவு என்றே தருகிறது. மொழிபெயர்ப்பில் முதலில் உதிர்வது ஏறத்தாழ, இடைப்பட்ட, இருக்கலாம் ஆகிய சொற்கள். தலைப்புக்கு அவை சுமையாகத் தெரியும். அறிவியல் இருப்பதே அந்தச் சொற்களில்தான். நமது ஏட்டில் அவை உதிரக் கூடாது.

மூன்று. எந்தக் காலக்கணிப்புச் செய்தி வந்தாலும் அனுப்புவதற்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள். அளக்கப்பட்டது எந்தப் பொருள்? அது எந்த மண்ணடுக்கில், எதனுடன் கிடைத்தது? எத்தனை மாதிரிகள், எத்தனை ஆய்வகங்கள்? முழு அறிக்கை எங்கே வெளியாகியுள்ளது? கிரகநிலைகளைக் கணினியில் போட்டுக் காவியப் போரின் நாளைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும் செய்தி முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். கவிதையில் வரும் விண்மீனைக் கரித்துண்டைப் போல அளக்க முடியாது.

நான்கு. அகழாய்வு அறிக்கைகளை உரிய காலத்தில் முழுமையாக வெளியிட வேண்டும், தொல்லியல் அதிகாரிகள் அரசியல் காரணங்களுக்காகப் பந்தாடப்படக் கூடாது, பாடநூல் மாற்றங்கள் வரலாற்றறிஞர்களின் பொது விவாதத்துக்கு வைக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கைகளை நமது ஆசிரியர், மாணவர் அமைப்புகள் தொடர்ந்து எழுப்ப வேண்டும்.

தோழர்களே, நம்முடைய பாட்டனார்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் இரும்பை உருக்கினார்களா, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் உருக்கினார்களா என்பதை மண் சொல்லட்டும், பொறுமையுடன் கேட்போம். உலையூதியவர்களுக்கு அன்று என்ன கூலி கிடைத்தது, உருக்கிய இரும்பு யார் கையில் வாளாகவும் யார் கையில் கலப்பையாகவும் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வியை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம். வேறு யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. இனி உங்கள் கேள்விகளையும் மாற்றுக் கருத்துகளையும் எதிர்பார்க்கிறேன்.